கோட்டு மாஸ்டரின் ட்ரையல் நுரையீரல்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மூன்றாம் நாள் காலையில் கோட்டு மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டில் தைத்த எதையும் ஒரு வருஷத்துக்கு யாரும் இழுக்கக் கூடாது. துணியானாலும் சரி, நுரையீரலானாலும் சரி.

சட்டம் போட்ட கையோடு, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியிருந்த மூன்று பந்துக் கருவியைத் தூக்கி பீரோ தலையில் வைத்தார். வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கினார். கையைத் தலைக்கு மேல் தூக்கியதில் வலது விலாவுக்குக் கோபம் வந்து, அது தன் கோபத்தை முதுகு வரைக்கும் சொல்லியனுப்பியது.

அந்தக் கருவி பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் மூன்று குழல், குழலுக்கு ஒரு பந்து, பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்தால் ஒரு பந்து ஏறும். இன்னும் இழுத்தால் இரண்டு. நெஞ்சு நிறைய இழுத்தால் மூன்றும் ஏறி மேலே நிற்கும். மணிக்குப் பத்து தடவை. மாஸ்டருக்கு முதல் பந்தே ஏதோ நினைத்துக்கொண்டது போல லேசாக அசைந்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

முப்பத்து நாலு வருஷமாகக் கோட்டு தைப்பவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, மாஸ்டர்தான். வீடு அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில். கடை அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மாடிக்குப் பதினெட்டுப் படி வீதம் ஐம்பத்து நாலு படி. மாஸ்டர் வெட்டித் தைப்பார், மனைவி பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டுவாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் போன மாதம் அவருடைய வலது நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு கட்டி இருப்பதாகத் தெரிந்தது. கெட்ட கட்டி. டாக்டர் நாள் கடத்தவில்லை. அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார்.

"மிச்சம் இருக்கறது விரிஞ்சு அந்த இடத்தை நிரப்பிக்கும் மாஸ்டர். ஆனா நீங்க மூச்சை நல்லா இழுத்து இழுத்து அதை விரிய வைக்கணும். சும்மா படுத்தே இருந்தா சளி கட்டும், காய்ச்சல் வரும், திரும்ப இங்கதான் வரணும்" என்றார் டாக்டர். "ஆறு வாரம் கழிச்சு ஊதச் சொல்லிப் பாப்போம். அளவு சரியா வந்தா கடைக்குப் போங்க. வரலைன்னா மாடிப்படியை மறந்துடுங்க."

மாடிப்படியை மறப்பது என்றால் கடையை மறப்பது. துணி வெட்டும் மேஜையைக் கீழே கொண்டுவந்துவிடலாமே என்று கேட்கலாம். அந்த மேஜை கடைக்குள்ளேயே வைத்துச் செய்தது. வாசலை இடித்தால்தான் வெளியே வரும். ஆக, மாஸ்டருடைய பிழைப்பும் பெருமையும் ஐம்பத்து நாலு படிக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தன.

இவ்வளவு தெரிந்தும் மனிதர் ஏன் மூச்சை இழுக்க மறுத்தார் என்றால், அதற்கு டாக்டர்தான் காரணம். கிளம்பும்போது மாஸ்டர் தொழில் அக்கறையோடு ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"உள்ள என்ன நூல் போட்டீங்க டாக்டர்?"

"நூல் இல்ல மாஸ்டர். பின் அடிச்சிருக்கோம். இப்பல்லாம் அதுக்கு மெஷின் இருக்கு."

அந்த ஒரு பதிலில் மாஸ்டருக்கு மருத்துவத்தின் மேல் இருந்த மொத்த மரியாதையும் கழன்று விழுந்தது.

மனைவி வந்து கட்டில் அருகில் நின்றாள்.

"பந்து எங்க?"

"மேல."

"எந்த மேல?"

"பீரோ மேல. ஓய்வெடுக்குது."

"ஓய்வு அதுக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். நீயே சொல்லு, கோட்டுல பின் எதுக்கு அடிப்போம்?"

"ட்ரையலுக்கு."

"ட்ரையல் கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கறவர் மூச்சை இழுத்து நெஞ்சை விரிச்சா என்ன சொல்வோம்?"

"அசையாம நில்லுங்க சார்னு சொல்வோம்."

"அதைத்தான் நான் செய்யறேன். அசையாம நிக்கறேன்."

"நீங்க படுத்திருக்கீங்க."

"படுத்த வாக்குல நிக்கறேன்."

அவள் நாற்காலி போட்டு ஏறி, கருவியை இறக்கி, அவர் மடியில் வைத்தாள். "மணிக்குப் பத்து. நான் அடுப்படியிலேருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றதும் மாஸ்டருக்கு மூளை வேலை செய்தது. பந்து ஏறி இறங்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதானே வேண்டும்? கருவியைக் கையில் பிடித்து லேசாக ஒரு குலுக்கு. டக், டக், டக். மூன்று பந்தும் ஏறியது போலவே இருந்தது. இரண்டு நாள் இப்படியே மணிக்குப் பத்து குலுக்கு குலுக்கி, மணிக்கட்டை நன்றாகத் தேற்றினார்.

மூன்றாம் நாள் அவள் சத்தமில்லாமல் அறைக்குள் வந்தபோது, மாஸ்டர் வலது கையால் கருவியைக் குலுக்கிக்கொண்டு, இடது கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

அங்கேதான் அவர் பயந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போன சந்தர்ப்பங்கள் மொத்தம் நான்கு. நான்கிலும் சேதம் அவருக்குத்தான். ஆனால் மாஸ்டர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்னொரு பிஸ்கட் எடுத்தார். அன்று சாயங்காலமே அந்தக் கருவி காணாமல் போயிற்று. அவர் தேடவே இல்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல் "டீ" என்றார். பதில் இல்லை. "டீ கேட்டேன்" என்றார். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் அவளே எட்டிப் பார்த்தாள்.

"கூப்பிட்டீங்களா? காது அடைச்சுக்கிச்சுங்க. முப்பது வருஷமா மெஷின் சத்தம் கேட்டுக் கேட்டு மந்தமாப் போச்சாம்."

"யார் சொன்னது?"

"என்னது?"

"யார் சொன்னதுன்னு கேட்டேன்."

"தொண்டையிலேருந்து பேசினா எனக்கு எட்டலீங்க. வயித்துலேருந்து பேசணும். மூக்கால நல்லா இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் சொல்லுங்க. அந்தக் காத்துதான் காதுக்குள்ள போகும்."

இது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்கத்தான் நினைத்தார். ஆனால் அதையும் வயிற்றிலிருந்துதான் கேட்க வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தலையணையை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மூக்கால் இழுத்தார். நிறுத்தினார். "டீ" என்றார். கிளம்பிய டீ பாதி வழியில் இருமலாக மாறி, பத்து நாளாக உள்ளே குடியிருந்த சளியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. துப்புவதற்குக் கட்டில் பக்கத்தில் கிண்ணம் தயாராக இருந்தது. அது எப்போது அங்கே வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

"இப்பக் கேட்டுது" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதையும் வயிற்றிலிருந்தே கேட்க வேண்டியதாயிற்று. தண்ணீர், மாத்திரை, துண்டு, சீப்பு. சீப்பை மட்டும் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. காது கேட்காததால் டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அதனால் காலையில் அவர் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும். அவள் காஜா எடுத்தபடி எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

"நடு நடுவுல மூச்சு விடாதீங்க. கமா வந்தா விடுங்க. இல்லைன்னா எனக்கு அர்த்தம் புரியல."

அவள் தேர்ந்தெடுப்பதெல்லாம் டெண்டர் விளம்பரம். குழாய் பதிக்கும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் ஒரு வாக்கியம். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் ஒரு கமா கிடையாது. மாஸ்டர் அதற்குள் இறங்கினால் கரையேற முகம் சிவந்துவிடும்.

"இதெல்லாம் உனக்கு எதுக்கு? நீ குழாய் பதிக்கப் போறியா?" என்று வயிற்றிலிருந்து கத்தினார்.

"தெரிஞ்சு வச்சிக்கறதுல என்ன தப்பு?" என்றாள் அவள்.

இந்த அவதியில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. அதை அவர் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் அவள் கொடுத்த டீயை வாயில் வைத்துவிட்டு, "இதைக் குடிக்கறதுக்கு ஆபரேஷனையே இன்னொரு தடவை பண்ணிக்கலாம்" என்று முணுமுணுத்தார். சொல்லிவிட்டு அப்படியே உறைந்து போனார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரித்த முகமாகத் தம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

முப்பத்தொரு வருஷம் உள்ளேயே மடித்து வைத்திருந்த பேச்சு மாஸ்டருக்கு. கதவு திறந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் முணுமுணுத்துத் தள்ளினார். அவளுடைய தம்பியைப் பற்றி முணுமுணுத்தார். கல்யாணத்துக்கு அவள் அப்பா தைக்கக் கொடுத்த துணியின் தரத்தைப் பற்றி முணுமுணுத்தார். பந்தைக் குலுக்கியதைப் பற்றிப் பெருமையாகவே முணுமுணுத்தார். அவள் தலையாட்டிக்கொண்டே காஜா எடுத்தாள். மறுநாளிலிருந்து டீயில் சர்க்கரை குறைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த மயக்கத்தில்தான் ஒரு நாள், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தன் பெரிய ரகசியத்தையும் வாய்விட்டுச் சொன்னார்.

"நீ என்னதான் வீட்டை அலசினாலும் ஒரு பாக்கெட் தப்பிச்சிருக்கு. மேல கடையில, கோட்டுப் பொம்மை நெஞ்சுக்குள்ள. இன்னும் மூணு சிகரெட் இருக்கு அதுல. பத்த வைக்க மாட்டேன். சும்மா மோந்து பாப்பேன். பாத்துட்டு, தோணினா ஒண்ணே ஒண்ணு."

இஸ்திரிப் பெட்டி துணியை விட்டு ஒரு விரற்கடை எழும்பி அப்படியே நின்றது. பிறகு இறங்கி ஓட ஆரம்பித்தது. சட்டையில் சுருக்கமே இல்லாத இடத்தை அவள் ரொம்ப நேரம் தேய்த்தாள்.

கோட்டுப் பொம்மை என்பது தலையும் கையும் இல்லாத, நெஞ்சும் வயிறும் மட்டும் உள்ள உருவம். அதில் மாட்டித்தான் கோட்டின் அமைப்பைப் பார்ப்பார்கள். உள்ளே கூடு. அடிப்பக்கம் திறந்திருக்கும். நுரையீரலில் கட்டி என்று கேட்ட அன்று மாஸ்டர் சிகரெட்டை விட்டுவிட்டார், அது உண்மை. ஆனால் விடுவதற்கு முன்னால் அந்தப் பாக்கெட்டைப் பொம்மை நெஞ்சுக்குள் பத்திரப்படுத்தியிருந்தார், அதுவும் உண்மை. ரகசியத்தைச் சொன்ன பிறகு அதன் ஞாபகம் அவரை உட்கார விடவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குக் கீழே வந்த மனைவி, கேட்காமலே சொன்னாள்.

"இனிமே தினம் நாலு மணிக்குக் கடையைப் பூட்டிட்டு நூல் வாங்கப் போறேன். வர நாப்பது நிமிஷம் ஆகும். சாவி ஆணியில தொங்கும். எடுத்துடாதீங்க."

நாற்பது நிமிஷம், சாவி ஆணியில். தலைவிதியே தன் பக்கம் வந்துவிட்டதாக மாஸ்டர் நினைத்தார். படி ஏறுவது சட்டத்துக்கு விரோதம் ஆகாதா என்றும் கொஞ்சம் யோசித்தார். ஆகாது. இழுக்கக் கூடாது என்பது நெஞ்சைப் பற்றியது. படி கால் சம்பந்தப்பட்டது.

முதல் நாள் ஏழு படி. எட்டாவதில் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். முதல் மாடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் எப்போதும் கதவைத் திறந்து வைத்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்வார். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர்?"

"கைப்பிடி ஆடுதான்னு பாக்கறேன் அண்ணே."

"ஏழு படி, நாலு நிமிஷம்."

"நான் கேட்டேனா?"

"கடிகாரக்காரன் கண்ணு, தன்னால பாத்துடுது. நாளைக்கு வாயை மூடிக்கிட்டு மூக்கால இழுத்து ஏறுங்க. உதட்டைக் குவிச்சு ஊதி இறங்குங்க. கைப்பிடி நல்லாத் தெரியும்."

மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பன்னிரண்டு. வார முடிவில் முதல் மாடி. அங்கே உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அது அவர் கடை ஸ்டூல்தான். காலில் அவரே சுற்றிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது. மனிதருக்குக் கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் படி இறங்கி வந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. வலது பக்கம் உள்ளே எதுவோ இழுத்துப் பிடித்தது. கட்டிலில் போய்ச் சாய்ந்தார். சாயங்காலம் மனைவி எதிரில் உட்கார்ந்து ஒரு கோட்டுக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். அன்றைக்கு வந்தது கேலி இல்லை.

"பயமா இருக்குடி. அந்தப் பந்தை இழுக்கறப்போ உள்ள சுருக்குன்னுது. பின் பிரிஞ்சு, மூச்சு அப்படியே வெளியில போயிடுமோன்னு நினைச்சேன். உங்கிட்ட சொன்னா சிரிப்ப. அதான் சட்டம் கிட்டம்னு பேசிட்டேன். ராத்திரி தூங்கறப்போகூட மெதுவாத்தான் மூச்சு விடறேன். உனக்குத் தெரியாது."

அவள் விரலில் ஊசி ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். ராத்திரிகளில் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தவள் அவள். ஆனால் காது கேட்காதவளால் என்ன பதில் சொல்ல முடியும்? எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கையிலிருந்த கோட்டை அவர் மடியில் போட்டாள்.

"இந்த அக்குள் தையல் தாங்குமாங்க? எனக்குச் சந்தேகமா இருக்கு."

மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. அவர் படுக்கையில் விழும் முன்பு கடைசியாகத் தைத்த கோட்டு அது. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தையலைப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தார். அசையவில்லை. மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து கத்தினார்.

"நல்ல தையலை இழுத்துப் பாக்கணும். இழுத்துப் பாக்காதவனுக்குத் தையலைப் பத்தி என்ன தெரியும்?"

"சரியாச் சொன்னீங்க" என்றாள் அவள். கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாவது வாரம் மூன்றாம் மாடி வந்தது. ஐம்பத்து நாலு படி, நடுவில் இரண்டு ஸ்டூல். பூட்டைத் திறந்தார். வெட்டும் மேஜை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியது. பிறகு வந்த வேலை ஞாபகம் வந்து மூலையைப் பார்த்தார். பொம்மையைக் காணோம்.

சாயங்காலம் சாமர்த்தியமாகப் பேச்சை எடுத்தார்.

"கடையில எல்லாம் அப்படியே இருக்கா? மேஜை, மெஷின், பொம்மை?" என்று வயிற்றிலிருந்து கேட்டார்.

"பொம்மைக்குப் பூசணம் பிடிச்சிருச்சு. மொட்டை மாடியில காய வச்சிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நல்லாக் காயற வரைக்கும்."

இன்னும் பதினெட்டுப் படி. மாஸ்டர் பல்லைக் கடித்தார். ஐந்தாவது வாரக் கடைசியில், எழுபத்திரண்டு படி ஏறி, மொட்டை மாடிக் கதவைத் தள்ளினார். தண்ணீர்த் தொட்டி நிழலில் பொம்மை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தது. ஓடிப் போய்ப் படுக்க வைத்தார். கையை உள்ளே விட்டார். விரல் மடங்கியது. திறந்திருக்க வேண்டிய அடிப்பக்கத்தைக் கனமான கேன்வாஸ் வைத்துத் தைத்து மூடியிருந்தது. குலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவோ இருந்தது. கத்தரிக்கோல் இல்லாமல் ஆகாது. கடைக் கத்தரி எல்லாம் அலமாரியில், அலமாரிச் சாவி அவள் இடுப்பில். வீட்டுக் கத்தரி எழுபத்திரண்டு படிக்குக் கீழே.

இறங்கினார். கத்தரியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். முதல் மாடியைத் தாண்டும்போது, "ஸ்டூலுக்கு வேலையே இல்லை போல" என்று கடிகாரக்காரர் குரல் கேட்டது. இரண்டாம் மாடி ஏறும்போது கீழே மனைவியின் செருப்புச் சத்தம் வந்து, வாசலிலேயே நின்றது. அப்படியே திரும்பி, அவள் உள்ளே வருவதற்குள் கட்டிலில் பாய்ந்து போர்வைக்குள் போனார். அன்று ஏறி இறங்கியது எத்தனை படி என்று எண்ண அவருக்கு நேரம் இல்லை. கடிகாரக்காரர் எண்ணி வைத்திருந்தார்.

ஆறாவது வாரம் ஊதும் பரிசோதனை. காத்திருக்கும் இடத்தில் நல்ல கூட்டம். மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து யாரோ மெல்லிய குரலில் மாஸ்டருடைய டோக்கன் எண்ணைச் சொன்னார்கள். மாஸ்டருக்கே கேட்கவில்லை. மனைவி சட்டென்று எழுந்துகொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அளவு வராவிட்டால் டாக்டரிடம் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பரிசோதனை செய்யும் பெண் அவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தாள்.

"இழுங்க, இழுங்க, இழுங்க. இப்ப ஊதுங்க. விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்."

கமா இல்லாத டெண்டர் விளம்பரத்தை நினைத்துக்கொண்டு மாஸ்டர் ஊதினார். மூன்று தடவை ஊதினார். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார். ஆறு வாரத்துல இவ்வளவு எதிர்பார்க்கல."

"எத்தனை இஞ்ச்?"

"லிட்டர்ல சார் பாப்போம்."

"பால் மாதிரியா?"

"காத்து சார். நீங்க கடைக்குப் போகலாம், டாக்டர் சொல்லிடுவார். என்ன பயிற்சி செஞ்சீங்க?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணும் செய்யலம்மா. தைச்சதை இழுக்கக் கூடாதுன்னு அசையாம இருந்தேன். ஓய்வுதான் மருந்து."

அந்தப் பெண் அவர் தோளுக்கு மேல் அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவியோ சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் விளக்கக் குறிப்பை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. டாக்டரை ஜெயித்தாயிற்று, பந்தை ஜெயித்தாயிற்று, பெண்டாட்டியை ஜெயித்தாயிற்று. இந்த மூன்று வெற்றிக்கும் மூன்று சிகரெட். கணக்கு அவருக்கு அழகாக வந்தது. வந்ததும் மனைவி, கையில் வேலை இருக்கிறது என்று கடைக்கு ஏறிப் போய்விட்டாள். மேலேயிருந்து மெஷின் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாஸ்டர் கத்தரியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார்.

கடை வாசலைப் பூனை நடை நடந்து தாண்டினார். மெஷின் நிற்கவில்லை. மொட்டை மாடியில் பொம்மை அதே இடத்தில் நின்றது. படுக்க வைத்தார். கத்தரி முனையைத் தையலுக்குள் நுழைத்தவர், அப்படியே நிறுத்தினார். நெருக்கமாக, முடிச்சு முடிச்சாக, ஒரே அளவில் ஓடிய தையல். காஜாத் தையல். உலகத்தில் எத்தனை பேர் காஜா எடுத்தாலும் இந்தக் கை ஒரே ஒரு கைதான். முப்பத்தொரு வருஷமாக அவர் வெட்டிய கோட்டையெல்லாம் முடித்துக் கொடுத்த கை.

இருந்தாலும் பிரித்தார். கேன்வாஸ் விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அட்டை வைத்துத் தைத்திருந்தது. அது அவருடைய சிகரெட் பாக்கெட். பிரித்துத் தட்டையாக்கி, மூலையை ஒழுங்காக வெட்டி, வீணாக்காமல் பயன்படுத்தியிருந்தாள். கையை நெஞ்சு வரைக்கும் விட்டார். ஒரு ரப்பர் குழாய் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார். மூன்று குழல், மூன்று பந்து.

மாஸ்டர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது? ஸ்டூலின் சிவப்பு நூல் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. கிண்ணம் வந்தது, ஆணிச் சாவி வந்தது, சர்க்கரை குறைந்த டீ வந்தது. அவளுடைய தம்பியைப் பற்றிச் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தபோது அவருக்கு லேசாக வியர்த்தது. அப்புறம் அக்குள் தையல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதற்கு முன்னால், கூரையைப் பார்த்துக்கொண்டு தான் சொன்னதும் வந்தது.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. குழாயை வாயில் வைத்தார். பின்னாவது கின்னாவது என்று கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். உள்ளே எதுவும் சுருக்கென்று குத்தவில்லை. எதுவும் பிரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது மூன்று பந்தும் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தன.

மனிதருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சிரித்தால் மானம் போகும், அழுதாலும் போகும். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில், உதடு மட்டும் அசைய முணுமுணுத்தார்.

"மூணும் ஏறிடுச்சுடி."

கீழே கடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"கேட்டுச்சு" என்றது ஜன்னல் வழியாக மனைவியின் குரல். "இன்னும் ஒம்பது தடவை இருக்கு."